உள்தாழ்ப்பாள்

புதுவயல் ரைஸ்மில்லில் நெல் அவியும் வாடை
வார்டுக்குள் வர யாரிடமும் கேட்பதில்லை.
நாலு மணிக்கு வரும்.
அதைப் பார்த்துத்தான் எழுந்து உட்காருவார்கள்
பதினாலு பேரும்.
கடிகாரம் எங்கள் அறையில் இருக்கிறது.

என் இடுப்பில் ஏழு சாவி.
பத்தொன்பது வருடத்தில்
இடப்பக்கம் சாய்ந்து நடக்கிறேனாம்,
என் வீட்டுக்காரர் சொல்கிறார்.

மாதம் ஒரு படிவம்.
தானாகத் தலை வாருகிறாரா?
மற்றவரிடம் பேசுகிறாரா?
காசு எண்ணத் தெரியுமா?
பூஜ்யத்திலிருந்து நாலு வரை புள்ளி.
சிகப்பி ஆச்சிக்குத் தலைவாரலில் பூஜ்யம்
(சீப்பு அலமாரியில், அலமாரி பூட்டில்),
காசில் பூஜ்யம்
(காசு ஏது இங்கே).
அடைப்புக்குறிக்குள் இருப்பதை எழுத
படிவத்தில் இடம் விடவில்லை.
நானும் கேட்கவில்லை.

"எத்தனை புள்ளி போட்டே?"
"ஆறு, ஆச்சி."
"அவ்வளவு வராது.
அவுக இல்லையின்னா நான் அரைப்புள்ளிதான்.
கோயில் கணக்குல பாரு."
அவுக இல்லாமல் எட்டு வருடம்.
சொல்ல வேண்டாம் என்று
ஃபைலில் சிவப்பு மையில் இருக்கிறது.
நான் படுக்கை விரிப்பை உதறினேன்,
உதறியதையே இன்னொரு தரம்.

புது டாக்டர் சித்திரையில் உத்தரவு போட்டார்:
நாலிலிருந்து ஆறு வரை கேட் திறந்திருக்கட்டும்.
திறந்தேன்.
ஒருத்தரும் போகவில்லை.
கேட்டுக்கு ஒரு அடி இந்தப் பக்கம்
பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நின்றார்கள்
மெய்யம்மையும் இருளாயியும்.
ஆறு அடித்ததும் இருளாயியே சாத்தினாள்.
"பூட்டுங்க சிஸ்டர், நேரமாச்சுல்ல."
நான் சிஸ்டர் இல்லை. ஆயா.
பூட்டினேன்.

ஐந்தாம் நாள்
பத்து ரூபாயை மடித்து முந்தியில் முடிந்துகொண்டு
ஆச்சி செல்லையா பெட்டிக்கடைக்குப் போனாள்.
பின்னால் போகக்கூடாது என்பது டாக்டர் பேச்சு.
நான் வேப்பமரத்துக்குப் பின்னால்தான் நின்றேன்,
அது பின்னால் போவதில் சேராது.
"மூணு ரூவா பிஸ்கட்டைப் பத்துங்கிறியே,
பைத்தியமா ஒனக்கு?"
செல்லையா என்னைத் தேடினான்.
நான் மரத்தைப் பார்த்தேன்.
வெறுங்கையோடு வந்தாள், நோட்டு பத்திரமாக.
அந்த மாதம் காசுக்கு நாலு போட்டேன்.

எல்லாம் இப்படியே போகவில்லை.
மெய்யம்மை ஒருநாள் ஆறுக்கு வரவில்லை,
எட்டுக்கும் வரவில்லை.
ரயிலடியில் இருந்தாள்,
எந்த ரயிலிலும் ஏறாமல்,
போகிற ரயிலுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டு.
மெமோ வந்தது டாக்டருக்கு.
மூன்று நாள் கேட் பூட்டு.
அந்த மூன்று நாளும்
என் சாவி எனக்கே கனத்தது என்று சொல்லலாம்,
ஆனால் நிம்மதியாகத்தான் தூங்கினேன்.

பிறகு மறுபடி திறந்தது.
பிறகு ஆசாரி வந்தார்,
குளியலறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்க.
நாற்பது ரூபாய்த் தகரம், நாலு திருகாணி.
அவசரத்துக்கு வெளியிலிருந்து கழற்ற ஒரு துவாரம்,
அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

பர்மாத் தேக்கில் எட்டடிக் கதவு வைத்த வீட்டில்
வாக்கப்பட்டவள் சிகப்பி ஆச்சி.
இந்தத் தகரத்தை விரலால் தடவினாள்.
உள்ளே போனாள்.
டக். தள்ளினாள்.
டக். திறந்தாள்.
டக்.
தண்ணீர் விழும் சத்தமே இல்லை.
கால் மணி. அரை மணி.
துவாரத்தருகே என் கை போய் வந்தது.

உண்மையைச் சொன்னால்
எனக்கும் அவசரமாக வந்துகொண்டிருந்தது,
ஸ்டாஃப் கழிப்பறையில் தண்ணீர் நின்று இரண்டு நாள்.
கதவைத் தட்டினேன்.
பத்தொன்பது வருடத்தில்
முதல் தடவையாகத் தட்டினேன்.

உள்ளேயிருந்து,
கடையில் விலை பேசிய அதே குரலில்:
"ஆளிருக்கு."

சரி ஆச்சி என்றேன்.
காலை மாற்றி வைத்து நின்றேன்.